வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு

மேட்டுக்களம்,
கொழிஞ்சாம்பாறை வழி.
10-2-1974

அன்புள்ள பொன்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்போது கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடிப்பதற்குள் பாத்தி உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. பக்கத்துக் காடு என் மனைவியின் அண்ணன் செங்கோட்டையனுடையது. "ஏனுங் மாப்ள, லெட்டரு படிக்கறதுக்கா மோட்டாரு போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

நாம் எழுதத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் உங்கள் பெயருக்கு எதிரே, பொழுதுபோக்கு: ரேடியோ கேட்பது, நடப்பது என்று போட்டிருந்தது. நடப்பதைப் பொழுதுபோக்கு என்று எழுதுகிற ஆள் யார் என்று பார்க்கத்தான் முதல் கடிதம் போட்டேன். இப்போது உங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகு நானும் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வரச் சொல்கிறார்கள், நான் போகப்போவதில்லை, ஆண்கள் மேல்தான் என் மனம் போகிறது, இதைப் படித்துவிட்டு நீங்கள் எழுதாமல் விட்டாலும் புரிந்துகொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் விடுவேனா? என் மனமும் அங்கேதான் போகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மருதாத்தாள் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளோடு நான் நடிக்கவில்லை. அவள் மேல் இருந்த ஆசை உண்மை, ஆண்கள் மேல் வருகிற ஆசையும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்குமா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். மச்சான் தன் சித்தப்பா மகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வருஷத்துக்கு இரண்டு முறை கேட்கிறார். இந்த வருஷம் இன்னும் கேட்கவில்லை.

உங்களைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரமே புறப்பட்டு சூரியநெல்லிக்கு வந்துவிடுகிறேன். எஸ்டேட்டில் உங்கள் பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்ட மாட்டார்களா? என்ன பஸ், எங்கே இறங்குவது என்று மட்டும் எழுதுங்கள்.

பிரியமுள்ள,
சென்னியப்பன்


சூரியநெல்லி
18-2-1974

அன்புள்ள சென்னியப்பன் அவர்களுக்கு,

வர வேண்டாம். முதல் வரியிலேயே இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் கடிதத்தை முழுவதும் படிப்பதற்குள் பஸ் ஏறிவிடுவீர்களோ என்று பயம்.

எஸ்டேட் உங்கள் களம் மாதிரி இல்லை. வெளியாள் ஒருவர் கேட்டில் நின்று என் பெயரைச் சொன்னால், அவர் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்பது ஃபேக்டரியில் தேயிலை வாட்டுகிற மாடி வரைக்கும் வந்துவிடும். நான் வேலை செய்வது அந்த மாடியில்தான். நான் இருக்கிற வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். அம்மா என்னோடு இருக்கிறாள்.

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் போடியில் ஒருவரைச் சந்திக்கப் போனேன். சினிமா கொட்டகை வாசலில் அறிமுகமானவர். நன்றாகப் பேசுவார். லாட்ஜில் அறை எடுத்திருந்தார். அவரே கலர் பாட்டில் உடைத்துக் கொடுத்தார். பாதி குடித்ததும் கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் காக்கிச் சட்டை போட்டிருந்தான். போலீஸ் என்றார்கள். போலீஸ் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வாட்ச், மோதிரம், செருப்பு எல்லாம் போயிற்று. அதைக்கூட விட்டுவிடலாம். எந்த எஸ்டேட்டில் வேலை என்று அவரிடம் நானே சொல்லியிருந்தேன். அந்தக் காக்கிச் சட்டைக்காரன் ஒரு வருஷம் வரை சம்பள நாளில் மலை ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். நான் போய்க் கொடுப்பேன். மலேரியாவோ என்னவோ, ஒரு மாதம் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அன்றைக்கு வெறுங்காலோடு போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தவனை எங்கள் எஸ்டேட் ஆள் ஒருவர் பார்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, "ஏல, அடுத்தாப்ல எங்கயும் போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

ஆகையால் நாம் சந்திப்பதென்றால் பகலில், ஆட்கள் நிறைந்த இடத்தில்தான். உங்கள் ஊரும் வேண்டாம், என் ஊரும் வேண்டாம். லாட்ஜ், அறை, தெரிந்தவர் வீடு எதுவும் கிடையாது. வாட்ச், மோதிரம் போட்டு வராதீர்கள். திரும்பிப் போகிற பஸ் காசை வேட்டி மடிப்பில் தனியாக முடிந்துகொள்ளுங்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் எதையும் வாங்கித் தின்பதோ குடிப்பதோ கூடாது. டீ குடித்தால் அவரவர் டீயை அவரவர் கடைக்காரரிடம் வாங்குவது. தூரத்திலிருந்து பார்த்ததும் மனம் ஒப்பவில்லை என்றால் யாரும் பேசாமல் திரும்பிப் போகலாம், ஏன் என்று மற்றவர் எழுதிக் கேட்கக் கூடாது. புறப்படும் முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அது யார் என்று மற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மனிதருக்கு அது நல்லதில்லை. வீடு போய்ச் சேர்ந்தால் மறுநாள் ஒரு கார்டு. சண்டை போட்டுப் பிரிந்தாலும் கார்டு.

உங்களைத் திருடன் என்று நினைத்து இதை எழுதவில்லை. அப்படித் தோன்றினால் நாம் ரேடியோவைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கலாம். எட்டு மாதமாக அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
பொன்ராஜ்


மேட்டுக்களம்
27-2-1974

அன்புள்ள பொன்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் சட்டதிட்டங்களைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு கிடையாது. பிறகு வெறுங்காலோடு மேடு ஏறிய உங்களை நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சம்மதம்.

இடம் நான் சொல்கிறேன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. வியாழக்கிழமை. உங்களுக்கு மாடு தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். அங்கே ஆயிரம் ஆம்பிளைகள் நிற்பார்கள். இரண்டு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மெதுவாகப் பேசத்தான் அவ்வளவு பேரும் வருகிறார்கள். விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அதுதான் விலை. வெளியே நிற்பவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் என்ன என்று எட்டிப் பார்ப்பது சந்தையில் பெரிய மரியாதைக் கேடு. என் அப்பா ஒருவரோடு அரை மணி நேரம் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் மாடு வாங்கவில்லை.

நான் எருது பார்க்க வந்தவன். நீங்கள் என்னோடு பேச வந்த வியாபாரி. யாருக்கும் வேறு கணக்குத் தோன்றாது.

அடையாளம்: சிவப்புக் கட்டம் போட்ட துண்டு தோளில் இருக்கும். முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. காது பெரிது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதென்றால் காதைக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஒருவரிடம் சொல்லிவிட்டேன். கவலை வேண்டாம்.

பிரியமுள்ள,
சென்னியப்பன்


சூரியநெல்லி
5-3-1974

அன்புள்ள சென்னியப்பன் அவர்களுக்கு,

மார்ச் 14, வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. கன்றுகள் கட்டுகிற பக்கம் ஒரு புளியமரம் இருப்பதாக இங்கே விசாரித்ததில் தெரிந்தது. அதன் அடியில். வருவதற்கும் திரும்புவதற்கும் எனக்கு வழி இருக்கிறது. ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும்.

என்னிடம் நல்ல சட்டை இரண்டு. வெள்ளையைப் போட்டால் சந்தையில் அழுக்காகும், நீலத்தில் ஒரு பொத்தான் வேறு நிறம். அம்மா பொத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். மாட்டுச் சந்தைக்கு என்றேன். "நம்ம லயத்துல மாட்ட எங்கடா கட்டுவ?" என்றாள்.

காது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்பிப் போக மாட்டேன்.

பொன்ராஜ்


(கார்டு)
சூரியநெல்லி
15-3-1974

ஐயா,

நேற்று சந்தையில் பார்த்த பிறகு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் ஊர் வந்து சேர்ந்த விவரம் உடனே எழுதவும். உங்கள் துண்டு என்னிடம் இருக்கிறது.

பொன்ராஜ்


மேட்டுக்களம்
17-3-1974

பொன்ராஜ் அவர்களுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் நீலச் சட்டையில் வந்தீர்கள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சந்தையில் மாட்டுக்குப் பயந்து விலகி விலகி நடந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவரவர் டீயை அவரவர் வாங்கினோம். ஒரு மணி நேரம் பேசினோம். பிறகு துண்டைப் போட்டேன். ஒரு விரல் பிடித்தால் என்ன, நாலு பிடித்தால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் பாடத்தைக் கேட்கவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தீர்கள். விடவில்லை. நானும் விடவில்லை. தரகர் பிச்சைமணி பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இன்னுமா படியலீங்க?" என்றார். படியுமுங்க என்றேன். ஆறு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். புளியமரத்துக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். மாட்டைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள்.

துண்டை விட்டுவிட்டு வந்தேன். கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறினேன். அது ஆனைமலை பஸ் என்று கண்டக்டர் டிக்கெட் கிழித்தபோதுதான் தெரிந்தது.

போடியில் நடந்ததை நீங்கள் எழுதியபோது அது எனக்கு எச்சரிக்கை என்று நினைத்தேன். இப்போது, போடியில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர்தானோ என்று நினைக்கிறேன். காக்கிச் சட்டை உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

என் விலாசம் உங்களிடம் இருக்கிறது. ஆளை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். இரண்டு எருமையும் ஒரு மோட்டாரும் இருக்கின்றன. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரரிடம் போக வேண்டாம். செத்துப்போன தங்கைக்காக அவர் என்னை இன்னும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடுவது நின்றுவிட்டால் இந்த ஊரில் எனக்கு ஒன்றும் இல்லை.

சென்னியப்பன்


சூரியநெல்லி
23-3-1974

சென்னியப்பன் அவர்களுக்கு,

காக்கிச் சட்டை போட்டவர் பெயர் சூசையப்பன். எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர். டிரைவர்களுக்குக் கம்பெனி வருஷத்துக்கு இரண்டு காக்கிச் சட்டை கொடுக்கிறது. வெளியூர் போனால் அவர் அதைத்தான் போடுவார். போடிமெட்டு ஏறும்போது என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டவர் அவர்தான். சந்தைக்கு வந்த அன்று கோயம்புத்தூருக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகிற லாரியில் சுமை ஆளாக நானும் வந்தேன். சந்தைக்கு வெளியே லாரியில் அவர் உட்கார்ந்திருப்பது, ஒரு மணிக்கு நான் வராவிட்டால் மட்டும் உள்ளே வருவது என்று பேச்சு.

ஏன் முன்பே வந்தீர்கள் என்று வண்டியில் கேட்டேன். "டீ குடிக்கலாம்னுதாம்ல வந்தேன். பாத்தா ஒன் கையி துண்டுக்குள்ள போயி வெளியவே வர மாட்டேங்கு. மாட்ட ஒன் தலையில கட்டுதானோன்னு நெனச்சேன். வண்டி நெறயப் பெட்டி இருக்கு, மாட்ட எங்கல ஏத்த?" என்றார். நான் தலையாட்டியது, ஆபத்து ஒன்றும் இல்லை, போங்கள் என்பதற்கு.

தப்பு என்னுடையதுதான். யாரிடம் சொன்னோம் என்பதை மறைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். என் காவலுக்கு நின்ற ஆள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் காக்கிச் சட்டையைப் பற்றி நானே உங்களுக்கு எழுதிய பிறகு.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் போடியில் தொழில் கற்றுக்கொண்டு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். அதை எடுத்தே அடித்தீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ஓடியபோது வேறு ஏதோ ஒரு லாரி உங்களை இடிக்கிற மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தது. நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உங்கள் கடிதம் வரும் வரை ஒவ்வொரு நாளும் ஆபீசில் தபால் பை பிரிக்கும்போது போய் நின்றேன். கிளார்க் செல்லத்துரை, "என்ன, பொண்ணு வீட்டு லெட்டரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்தேன் என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம்.

துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

பொன்ராஜ்


மேட்டுக்களம்
31-3-1974

அன்புள்ள பொன்ராஜுக்கு,

பார்சல் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஒருவரிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதினேனே, யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இருக்கிறது என்று எழுத ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன். ஆனைமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த பயம் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் சட்டத்தில் எது முக்கியம் என்றும் தெரிந்தது.

உங்கள் கார்டு என் தங்கை ராமாத்தாள் கையில் கிடைத்தது. அவளை இரண்டு காடு தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறது. தபால்காரர் வழியில் பார்த்து அவளிடம் கொடுத்துவிட்டார். கார்டுதானே, படித்திருக்கிறாள்.

"ஏனுங்ணா, சூரியநெல்லியில இருந்து ஒருத்தரு நீங்க ஊடு வந்து சேந்தீங்களான்னு கேட்டு எழுதியிருக்காருங்க. துண்டு அவருகிட்ட இருக்குதாமா."

நான் எருமையை அவிழ்க்கப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"சந்தைக்குப் போனீங்க. மாடும் இல்லாம துண்டும் இல்லாம வந்தீங்க. அன்னீல இருந்து சோறும் எறங்கல. ஆருங்க அவரு?"

சொல்லிவிட்டேன். எட்டு மாதக் கடிதம், சந்தை, காக்கிச் சட்டை, எல்லாம். அவள் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டாள். வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு நாளில் உங்கள் 23ஆம் தேதிக் கடிதம் வந்தது. அவள் வந்ததும் அதைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் அல்ல, லாரி டிரைவர் சமாச்சாரத்தை. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணா, இந்தச் சங்கதி எனக்கு முழுசா வெளங்கலீங்க. வெளங்காட்டிப் போகுது. மருதாத்தாள நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா ஒண்ணு. அது நெசமாலுமே போலீசா இருந்திருந்தா, அந்த மனுசன அங்க தனியா நிக்க வெச்சுப்போட்டு ஓடியாந்திருக்கறீங்க. அவரு கதி என்னுங்க?"

அந்த வினாடி வரைக்கும் என் பயத்தை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு ஓடியவன் நான். நீங்கள் அங்கேயே நின்று என் பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மறுநாள் கார்டும் போட்டிருக்கிறீர்கள்.

அந்த வரியைத் தாண்ட வேண்டாம். பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். எழுதியவனே சொல்கிறேன், அது பொய், பயத்தில் எழுதியது. ஒருவர் நம்பிச் சொன்னதைத் திருப்பி அவர் மேலேயே எறிகிற ஆள் நான் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொரு முறை வருவீர்களா? ராமாத்தாளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. "அடுத்த வாட்டி நானும் வாரனுங்க. அவரை நான் கண்ணுல பாக்கோணும். நீங்க ரண்டு பேரும் என்னமோ பேசிக்கோங்க, நான் பாத்திரக் கடைப் பக்கம் இருந்துக்கறன். ஆனா எந்தப் பக்கம் போறீங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் போகோணும்" என்கிறாள்.

நீங்கள் வராவிட்டால் ஏன் என்று எழுதிக் கேட்க மாட்டேன். அது உங்கள் சட்டம்.

பிரியமுள்ள,
சென்னியப்பன்


சூரியநெல்லி
9-4-1974

அன்புள்ள சென்னியப்பன் அவர்களுக்கு,

அடித்துவிட்டேன். மை காகிதத்தின் பின்பக்கம் ஊறி, உங்கள் இரண்டு எருமையும் சேர்ந்து அழிந்துவிட்டன.

இந்த மாதம் 25, வியாழக்கிழமை. அதே மரம், அதே மணி. மற்ற சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். யாரிடம் சொல்கிறோம் என்பதை இருவரும் சொல்லிவிட வேண்டும். அவர்களை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். என் பக்கம் சூசையப்பன், வயது நாற்பத்தெட்டு, மீசை உண்டு, முன்பல்லில் ஒன்று இல்லை. காக்கி கிடையாது. வேட்டியில் வருவதாகச் சொல்கிறார். அவர் மனைவி கத்தரீனாள், "லாரி ஓட்டப் போற மனுசனுக்கு வேட்டி எதுக்கு, யாரு வீட்டுல விசேசம்?" என்று கேட்டிருக்கிறார். சொந்தக்காரப் பையனுக்கு ஒரு இடம் பார்க்கப் போகிறோம் என்று பதில் சொன்னாராம். கேட்டதும் எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

கோபம் முழுவதும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

உங்கள் தங்கையிடம் நான் என்ன பேச வேண்டும்? இதை நிச்சயம் எழுதுங்கள். அப்புறம், நீங்கள் என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? எங்கள் பக்கம் நெருக்கமானவர்களை நீ என்பதுதான் வழக்கம். உங்களுக்குச் சரி என்றால் மாற்றுகிறேன்.

பொன்ராஜ்


மேட்டுக்களம்
26-4-1974

அன்புள்ள பொன்ராஜுக்கு,

நேற்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். கொழிஞ்சாம்பாறை பஸ்தான், கண்டக்டரிடம் கேட்டுவிட்டே ஏறினேன். கார்டு போதும், ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது.

நாம் இருவரும் நடந்து போன பிறகு டீக்கடை பெஞ்சில் நடந்ததை ராமாத்தாள் பஸ்ஸில் சொன்னாள். அவளும் சூசையப்பனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு இவள்தான் தொடங்கியிருக்கிறாள்.

"உங்க ஆளு குடிப்பாருங்களா?"

"இல்லம்மா. தேயில ஃபேக்டரில வேல பாத்துக்கிட்டு டீயே அளவாத்தான் குடிப்பான். ஒங்க அண்ணன்?"

"எங்கண்ணனுக்குக் கோவம் வராதுங்க. வந்தா பஸ்ஸேறிப் போயிருவாரு."

"அதத்தான் பாத்தமே."

மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி பூர்வீகம் வரைக்கும் போயிருக்கிறார்கள். கடைசியில் சூசையப்பன், "பய ஒங்க துண்ட மறந்துட்டு வந்துட்டேன்னு சொல்லுவாம்மா. நம்பாதீங்க. பெட்டியில மடிச்சு வச்சிருக்கான், நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் என்னிடம் சொன்ன பொய் எனக்குத் தெரியும். துண்டைக் கேட்க மாட்டேன். நேற்று நான் கொண்டுவந்த பச்சைத் துண்டும் நன்றாகத்தான் இருந்தது. பிச்சைமணி மறுபடியும் வந்து நின்றார், கவனித்தீர்களா? "போன மாசம் பேசுன அதே எருதுங்களா?" என்றார். ஆமாங்க, விலை இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கறோம் என்றேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். கோபத்தை எடுத்துக்கொண்டு வருவேன் என்று எழுதியிருந்தீர்கள், எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

நீ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் என்னால் முடியாது. எங்கள் பக்கம் எவ்வளவு பிரியமோ அவ்வளவு வாங்க போங்க. மருதாத்தாளையும் நான் நீங்க என்றுதான் கூப்பிட்டேன்.

ஒன்றைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ராமாத்தாள் வறுத்துக் கொடுத்த கடலைப் பொட்டலம் என் கையில் இருந்தது. நம் காட்டுக் கடலை, போன வாரம் பறித்தது. நடந்துகொண்டே நான் தின்றேன். உங்களுக்கு நீட்டவில்லை. உங்கள் சட்டம் எனக்கு மனப்பாடம். நீங்கள் வாட்டுகிற மாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், ஈரக் காற்று அடித்தால் இலை வாட எவ்வளவு நேரம் ஆகும் என்று. பேச்சு நடுவில் கையை நீட்டி, என் உள்ளங்கையிலிருந்து நாலைந்து கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். மென்றுகொண்டே மேலே பேசினீர்கள். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. நான் கவனித்தேன். அதற்குப் பிறகு இலையைப் பற்றி நீங்கள் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை, இவ்வளவு பெரிய காது இருந்தும். மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும்.

புறப்படும்போது மீதியைப் பொட்டலமாகவே உங்கள் பையில் போட்டேன். பிறகுதான் தப்போ என்று தோன்றியது. வேண்டாம் என்றால் வழியில் குரங்குகளுக்குப் போட்டுவிடுங்கள். ஏன் என்று எழுதிக் கேட்க மாட்டேன்.

பிரியமுள்ள,
சென்னியப்பன்


(கார்டு)
சூரியநெல்லி
26-4-1974

ஐயா,

நேற்று நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். கடலை மறையூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. சூசையப்பனுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் வந்து சேர்ந்த விவரம் எழுதவும்.

பொன்ராஜ்